குறுக்கெழுத்தில் மாட்டிய சொல்லைத் துருவுவது எப்படி? ‘அரி’யை வைத்து ஒரு வழிகாட்டி

“நரிக்குத் தலை மாறினால் சிங்கம் (2).”

தமிழ்க் குறுக்கெழுத்துப் புதிருக்குப் புதியவர் ஒருவரிடம் இந்தக் குறிப்பைக் கொடுத்தால் (அடைப்பிலுள்ள எண், விடைக்கு எத்தனை கட்டம் என்பது) பாதி தூரம் தானாகவே போய்விடுவார். நரியின் முதல் எழுத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துப் பார்ப்பார். பரி வரும், அது குதிரை. கரி வரும், அது யானை. நரியே ஒரு விலங்கு, தலையை மாற்றினால் வருவதெல்லாமும் விலங்குகள்தான். கடைசியில் அரி என்று எழுதிவிட்டு நிமிர்வார். அடுத்த கேள்வி உடனே வரும்: “அரி என்றால் பெருமாள் இல்லையா? சிங்கம் எப்படி?”

இன்னொரு புதிரில் “நறுக்கு, திருமாலே! (2)” என்று இருக்கும். விடை அதே அரி. வேறொன்றில் “பகைவன்” என்று மட்டும் இருக்கும், அதற்கும் அரி. சிலம்புக்குள் கிடப்பது, கண்ணில் ஓடும் கோடு, சில புதிர்களில் தவளைகூட. ஒரு சொல்லுக்கு இத்தனை பொருளா என்று அலுப்பு வந்துவிடும். விஷயம் என்னவென்றால் இது ஒரு சொல்லே இல்லை. ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து உட்கார்ந்திருக்கும் நாலைந்து சொற்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கத் தெரிந்துவிட்டால் பொருளும் பிறப்பும் தானாக வசப்படும். அரியை வைத்துப் பழகினால் மா, கோ, வாரணம், மாலை என்று புதிர்க்காரர்களுக்குப் பிடித்த மற்ற சொற்களுக்கும் இதே முறை செல்லும்.

எழுத்தை முதலில் உறுதி செய்யுங்கள்

தமிழ்ப் புதிரில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. ‘ரி’ ஓர் எழுத்து, ‘வா’ ஓர் எழுத்து, புள்ளி வைத்த ஒற்றும் ஓர் எழுத்து. அரிவாள் நாலு கட்டம், அரிதாரம் ஐந்து, அரிச்சுவடி ஆறு. ஒற்றை எண்ணாமல் விட்டுவிடுவதுதான் புதியவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம்.

அடுத்தது ர, ற. “அரியும் சிவனும் ஒண்ணு, அறியாதவன் வாயிலே மண்ணு” என்ற பழமொழியில் இரண்டும் வருகின்றன. நம்மில் பெரும்பாலோர் பேசும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, பழமொழியின் சுவையே அதில்தான். கட்டத்துக்கு அந்த இரக்கம் கிடையாது. அரிவை என்றால் பெண், அறிவை என்றால் ‘அறிவு’ சொல்லோடு ஐ உருபு. இரண்டும் மூன்று கட்டம். எது சரி என்று குறுக்கே வரும் சொல்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் ர, ற மட்டுமல்ல, ல, ள, ழ வரும் கட்டங்களையும் ந, ன, ண வரும் கட்டங்களையும் குறுக்குச் சொல் வரும்வரை பென்சிலில் எழுதுங்கள்.

பேச்சு வழக்கும் குழப்பும். அருவா, அருவாமனை என்று சொல்லிப் பழகியவருக்கு அகராதியில் அந்த எழுத்தில் தேடினால் சரியாகக் கிடைக்காது. அரிவாள், அரிவாள்மணை என்று எழுத்து வடிவத்துக்குத் திருப்பிக்கொண்டு தேட வேண்டும்.

பெயரா, வினையா? காலம் ஏற்றிப் பாருங்கள்

தமிழில் ஒரு சொல்லைப் பிரித்தறிய நமக்குக் கையிலேயே ஒரு கருவி இருக்கிறது. அதை நேற்றைக்குத் தள்ளிப் பாருங்கள்.

வெண்டைக்காயை அரிந்தேன். முதுகு அரித்தது.

முதலாவது அரிகிறேன், அரிந்தேன், அரிவேன் என்று போகும். வெட்டுதல், நறுக்குதல், கதிர் அறுத்தல் எல்லாம் இதில் அடக்கம். இரண்டாவது அரிக்கிறது, அரித்தது, அரிக்கும் என்று போகும். தோல் அரிப்பதும், கரையான் மரத்தை அரிப்பதும், கடல் கரையை அரிப்பதும், அரிசியைத் தண்ணீரில் அலைத்துக் கல் அரிப்பதும் இந்தப் பக்கம். ஏவலாக நிற்கும்போது இரண்டும் ‘அரி’தான். புதிர் போடுகிறவருக்கு அதுதான் வேண்டியது. “நறுக்கு” என்று குறிப்புக் கொடுக்கலாம், “கல் நீக்கு” என்றும் கொடுக்கலாம்.

இந்த இரண்டு வினையும் நிலமும் அடுக்களையும் தந்தவை. அரிவாள், அரிவாள்மணை, கதிரை அறுத்து வைக்கும் அரி என்னும் கைப்பிடிக் கட்டு எல்லாம் முதல் வினையைச் சேர்ந்தவை. சல்லடைக்கு இலங்கைத் தமிழர் சொல்லும் அரிதட்டு, அரிசி களைந்து கல் போக்க உள்ளே வரி வரியாகக் கோடிட்ட அரிக்கன்சட்டி இரண்டும் இரண்டாவது வினைக்காரர்கள்.

இங்கே ஒரு சின்ன விளையாட்டு. யாழ்ப்பாணத்து வீட்டில் அரிக்கன்சட்டி இருக்கும், பக்கத்திலேயே அரிக்கன் லாம்பும் தொங்கும். தமிழ்நாட்டில் அதை அரிக்கேன் விளக்கு என்போம். சட்டி ‘அரி’ என்ற வினையிலிருந்து வந்தது. விளக்கோ ‘ஹரிக்கேன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் தமிழ் உருவம், காற்றடித்தாலும் அணையாத விளக்கு என்ற கணக்கில் புயலின் பெயரைத் தாங்கியது. அந்தப் பெயரும் ஆங்கிலத்துக்குச் சொந்தம் இல்லை. கரீபியத் தீவுகளின் பழங்குடி மொழியிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்தது. ஒரே சுவரில் ஒரே ஒலியோடு இருப்பதால் இரண்டும் உறவு ஆகிவிடாது. இந்த ஜோடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இது உதவும்.

‘அரிய’ என்ற மூன்றெழுத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். ‘காயை அரிய உட்கார்ந்தாள்’ என்பதில் அது வெட்டும் வினை. ‘அரிய வாய்ப்பு’ என்பதில் அருமையிலிருந்து வந்த பெயரெச்சம். வேர் வேறு, எழுத்து ஒன்று.

எந்த அகராதியை எப்போது எடுப்பது

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விரித்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஒரு வரிசை வைத்துக்கொண்டால் நேரம் மிச்சம்.

இன்றைக்குப் புழங்கும் பொருளுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் முதலில் வந்தது, பிறகு விரிவாக்கப்பட்ட பதிப்புகளும் வந்தன. எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு இருப்பதால் புதியவருக்கு இதுவே முதல் வாசல். அதில் நீங்கள் தேடும் பொருள் இல்லை என்றால் அது பழைய வழக்கு என்று ஒருவாறு புரிந்துகொள்ளலாம். அந்தத் தகவலே ஒரு துப்பு.

அடுத்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, அதன் பின் ஓர் இணைப்புத் தொகுதியும் வந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் இலவசமாகத் தேடலாம். தேடுவது எளிது, கிடைத்ததைப் படிப்பதற்குத்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, ஒரே எழுத்தில் தனித்தனிப் பதிவுகள் இருக்கும். தலைச்சொல்லின் மேல் சிறிய எண் போட்டுப் பிரித்திருப்பார்கள். ஓர் எண்ணுக்குள் இருப்பவை ஒரு சொல்லின் பல பொருள்கள். எண் மாறினால் சொல்லே வேறு என்று தொகுத்தவர்கள் கருதியிருக்கிறார்கள். புதியவர்கள் இந்த எண்ணைத் தாண்டிப் போய்விடுவார்கள், எல்லாவற்றையும் ஒரே குவியலாக அள்ளிவிடுவார்கள். நம் வேலையில் பாதி அந்தச் சின்ன எண்ணில்தான் இருக்கிறது.

இரண்டு, வினை என்றால் அரி-தல், அரி-த்தல் என்று தனித்தனியாக இருக்கும், பக்கத்தில் 4, 11 என்று எண்ணும் இருக்கும். அது வினைத் திரிபின் வகை. நாம் மேலே காலம் ஏற்றிப் பார்த்ததைத்தான் அது எண்ணாகச் சொல்கிறது.

மூன்று, ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் அடைப்புக்குள் பிங்., திவா., சூடா., சிலப். என்று சுருக்கம் இருக்கும். அந்தப் பொருள் எங்கே காணப்படுகிறது என்பதற்கான சான்று அது. பிங்., திவா., சூடா. என்று மட்டும் இருந்தால் அது நிகண்டில் பதிவான பொருள். சிலப். (சிலப்பதிகாரம்), குறுந். (குறுந்தொகை) என்று இருந்தால் யாரோ ஒரு புலவர் உண்மையிலேயே பயன்படுத்திய பொருள். இரண்டுக்கும் எடை வேறு.

நிகண்டு என்றவுடன் பயப்பட வேண்டாம். திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று இந்தப் பழைய சொற்பொருள் நூல்கள் பாட்டாக இருக்கும். திவாகரத்திலும் சூடாமணியிலும் பதினோராவது தொகுதிக்கு ‘ஒருசொல் பல்பொருட் பெயர்த் தொகுதி’ என்று பெயர். குறுக்கெழுத்துக்காரருக்கென்றே யாரோ எழுதிவைத்த மாதிரி இருக்கும். சூடாமணியில் அந்தத் தொகுதி எதுகை வரிசையில் அமைந்தது, அதாவது சொல்லின் இரண்டாம் எழுத்தைப் பார்த்துத் தேட வேண்டும். கட்டத்தில் முதல் எழுத்துத் தெரியாமல் இரண்டாம் எழுத்து மட்டும் விழுந்திருக்கும் நாளில் இதன் அருமை தெரியும். வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதியின் நான்காம் பகுதியான தொடையகராதியும் எதுகையை வைத்துத்தான் போகிறது. செய்யுள் கட்டுகிறவர்களுக்காகச் செய்தது இன்று கட்டம் நிரப்புகிறவருக்குக் கைகொடுக்கிறது.

கடைசியாக, சொல்லின் குடும்பம் தெரிய வேண்டுமென்றால் பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி. முதற்பதிப்பு 1961, திருத்திய பதிப்பு 1984. இதுவும் அதே சிகாகோ தளத்தில் கிடைக்கும். ஒரு தமிழ்ச் சொல்லுக்கு மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு, கோத்தர், தோடர் மொழிகள் என்று உறவுச் சொற்களை அடுக்கித் தரும்.

இப்போது அரியைப் பிரிப்போம்

வெட்டும் அரியைப் பார்த்தாயிற்று. மலையாளத்தில் அரியுக, கன்னடத்தில் அரி என்று உறவினர் இருக்கிறார்கள். அரிவாள் மலையாளத்திலும் அரிவாள்தான். சந்தேகமே இல்லாத வீட்டுச் சொல்.

திருமால் வேறு வழியில் வந்தவர். சமஸ்கிருத ‘ஹரி’ தமிழுக்கு வரும்போது தலையிலிருந்த ஹகரத்தை விட்டுவிட்டு அரியாகிறது. ஹரன் அரன் ஆனதும், ஹரிச்சந்திரன் அரிச்சந்திரன் ஆனதும், ஹிருதயம் இருதயம் ஆனதும் இப்படித்தான். வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு மாற்றித்தான் சேர்க்க வேண்டும் என்பது தொல்காப்பியம் சொல்லும் விதி. ஆகவே அகரத்தில் தொடங்கும் ஒரு சொல்லின் பிறப்பைத் தேடும்போது முன்னால் ஒரு ‘ஹ’ வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

சரி, சிங்கம்? அதுவும் இதே ஹரிதான். சமஸ்கிருதத்தில் ஹரி என்பது முதலில் ஒரு நிறம். பழுப்பு கலந்த மஞ்சள், சில இடங்களில் பச்சை வரை நீளும். மஞ்சளுக்கு ஹரித்ரா என்று பெயர் வந்தது இந்தச் சொல்லின் உறவால்தான். அந்த நிறம் உள்ளவற்றுக்கெல்லாம் ஹரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சமஸ்கிருத நிகண்டான அமரகோசம் அடுக்கும் பட்டியலைப் பாருங்கள்: யமன், காற்று, இந்திரன், சந்திரன், சூரியன், விஷ்ணு, சிங்கம், கதிர், குதிரை, கிளி, பாம்பு, குரங்கு, தவளை. இவற்றில் பலவும் தமிழ் நிகண்டுகளில் அரியின் பொருளாக அப்படியே வந்து சேர்ந்திருக்கின்றன. புதிரில் தவளை என்றதும் அரி வந்து நிற்பது இதனால்தான்.

இந்த இடத்தில் ஒரு வழக்கு உண்டு. இரையை அரிவதால், கிழிப்பதால் சிங்கம் அரி ஆயிற்று, அது தனித்தமிழ்ச் சொல் என்று சொல்வோர் இருக்கிறார்கள். பேரகராதி தமிழ்ச் சொற்கள் பலவற்றுக்கு வடமொழி முத்திரை குத்திவிட்டது என்ற குறை வெகுநாளாகவே உண்டு. அதை ஈடுசெய்யத்தான் தேவநேயப் பாவாணரை இயக்குநராகக் கொண்டு 1974இல் தமிழக அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கியது. அந்தக் குறையில் நியாயம் இருக்கும் சொற்கள் உண்டு. ஆனால் அரியில் எனக்கு அந்த வாதம் நிற்கவில்லை. அரிவது சிங்கத்தை விளக்கலாம், கிளியையும் தவளையையும் எப்படி விளக்கும்? நிறம் மூன்றையும் விளக்கிவிடுகிறது. ஒரு பிறப்புக் கதை ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் பொருந்தி, கூட வரும் மற்றப் பொருள்களைத் தெருவில் விட்டுவிடுகிறது என்றால் அதைச் சந்தேகப்படுங்கள். விஷ்ணுவின் பெயருக்கு மட்டும் பாவங்களை அகற்றுபவன், கவர்பவன் என்று வேறொரு வினையிலிருந்து மரபான விளக்கம் சொல்வார்கள். அதைப் பக்தி மரபின் விளக்கமாகக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சிங்க அரி தமிழில் நன்றாகவே குடியேறிவிட்டது. விலங்கு என்று பொருள்படும் ‘மா’வைச் சேர்த்து அரிமா. சிங்கம் நடந்துபோகும்போது முன்னும் பின்னும் பார்ப்பது போல முன்னும் பின்னும் உள்ள நூற்பாக்களோடு தொடர்பு கொள்ளும் நூற்பா நிலையை நன்னூல் அரிமா நோக்கு என்கிறது. லயன்ஸ் கிளப்புக்கு அரிமா சங்கம் என்று பெயர் வைத்தவர்கள் நல்ல சொல்லாகத்தான் எடுத்தார்கள். சிம்மாசனத்துக்கு அரியணை, அணை என்றால் இருக்கை.

நிறத்தின் வழியில் வந்த இன்னொன்று அரிதாரம். ஹரிதாளம் என்பது மஞ்சள் நிறக் கனிமம், ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. கூத்துக்காரர்கள் முகத்தில் பூசினார்கள். இன்று எந்த நிறத்தில் எந்தப் பூச்சைப் பூசினாலும் அரிதாரம்தான். சினிமாக்காரர்களைப் பற்றி எழுதும்போது “அரிதாரம் பூசியவர்” என்று பத்திரிகைகள் தவறாமல் எழுதும். ஆகவே ஒப்பனை என்ற குறிப்புக்கு ஐந்து கட்டம் இருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பகைவன் என்ற அரி மூன்றாவது சொல். சமஸ்கிருதத்தில் இது ‘அரி’யேதான், ஹகரம் கிடையாது. முரன் என்ற அசுரனுக்குப் பகைவன் முராரி. முர என்பதோடு அரி சேர்ந்து வடமொழிப் புணர்ச்சிப்படி ‘ரா’ என்று நீண்டுவிட்டது. காமனுக்குப் பகைவன் காமாரி, திரிபுரத்துக்குப் பகைவன் திரிபுராரி. ‘ஆரி’ என்று முடியும் தெய்வப் பெயரைக் கண்டால் பிரித்துப் பாருங்கள், பெரும்பாலும் உள்ளே யாரோ ஒரு பகைவன் இருப்பான். முராரி கண்ணனின் பெயர் என்பதால் ஒரு வேடிக்கை: அரியின் பெயருக்குள் இன்னொரு அரி, இருவருக்கும் உறவு இல்லை.

அப்புறம் சிலம்பு. கண்ணகி பாண்டியன் அவையில் சொல்வது: “என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே.” அரசன் பதில்: “யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே.” சிலம்புக்குள் இடும் பரலுக்கு அரி என்று பெயர். வழக்கின் முடிவே இந்த அரி என்னவென்பதில்தான் இருக்கிறது. பாட்டில் ஒரு சொல்லைக் கண்டால் அகராதியின் பொருளைத் திணிக்காமல், அந்த வரியில் எந்தப் பொருள் உட்காருகிறது என்று பார்க்க இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. சிங்கம், திருமால், பகைவன் மூன்றையும் இந்த வரியில் வைத்துப் பாருங்கள், ஒன்றும் ஒட்டாது.

கண்ணில் ஓடும் கோட்டையும் அரி என்பார்கள். செவ்வரி ஓடிய கண் என்பது இலக்கியத்தில் நைந்துபோன தொடர். இதில் ஒரு நுணுக்கம். செம்மையோடு அரி சேர்ந்தாலும் செவ்வரி (செவ்வாடை மாதிரி), செம்மையோடு வரி சேர்ந்தாலும் செவ்வரிதான் (செவ்வானம் மாதிரி). புணர்ச்சி முடிந்தபின் எது சேர்ந்தது என்று சொல்லைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. புதிர்க்காரர் “சிவப்பு சிங்கம் கண்ணில் (4)” என்று குறிப்புக் கொடுத்து உங்களைச் சுற்றவிடலாம்.

கதைகளில் விழுந்துவிடாதீர்கள்

சொற்பிறப்பு என்றாலே இனிப்பான கதைகள் வந்து குவியும். அவற்றில் ஒன்று அரிசி.

நெல்லை அரிந்து எடுப்பதால் அரிசி என்பார்கள். பரோ, எமனோ இருவரும் இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே வைத்திருக்கிறார்கள். அரிசிக்கு மலையாளத்திலும் துளுவிலும் அரி, கன்னடத்தில் அக்கி. கன்னடத்தின் அக்கியைப் பார்த்தால் வெட்டும் கதை அவ்வளவு எளிதில் நிற்காது என்பது புரியும். அடுத்து, அரிசிதான் கிரேக்கத்தின் ‘ஒரைசா’ ஆகி ஆங்கிலத்தில் ‘ரைஸ்’ ஆனது என்ற கருத்து. நம் பள்ளி மேடைகளில் இதற்குக் கைதட்டல் நிச்சயம். கால்டுவெல்லே இதை முன்வைத்தவர்தான். ஆனால் பின்னால் வந்த மொழியியலாளர் பலர் கிரேக்கச் சொல்லைப் பழைய ஈரானிய மொழிகள் வழியாக வந்ததாகக் கருதுகிறார்கள், சமஸ்கிருதத்தின் ‘வ்ரீஹி’ அதன் உறவு. அந்த ஈரானிய, சமஸ்கிருதச் சொற்களில் உள்ள வகரமும் தெலுங்கில் நெல்லுக்குள்ள ‘வரி’ என்ற பெயரும் ஆய்வாளர்களை இன்னும் பழைய தொடர்பு ஒன்றைத் தேட வைக்கின்றன. புதிருக்குக் குறிப்பு எழுதும்போது ‘கிரேக்கம் போன தமிழ்ச் சொல்’ என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொரு பொறி, ஊர்ப்பெயர். புதுச்சேரிக்குப் பக்கத்தில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டைப் பார்த்ததும் அரி என்று தாவக்கூடாது. அருகன் மேடு என்பது மருவியது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். முதல் இரண்டு எழுத்து ஒன்றாக இருப்பது உறவுக்குச் சான்று ஆகாது. அரிக்கன் லாம்பு நினைவிருக்கிறதல்லவா?

அரிச்சுவடி இதற்கு எதிர்ப்பக்கம். பார்த்தால் உறவு இல்லாதது போலிருக்கும், ஆனால் உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பாடத்தை ‘அரி நமோத்து சிந்தம்’ என்று சொல்லித் தொடங்குவார்கள். அந்த அரி, ஹரி. தொடக்கச் சொல்லே எழுத்து வரிசைக்குப் பெயராகி அரிவரி, அது எழுதிய ஓலைச்சுவடி அரிச்சுவடி. ‘நமோத்து சிந்தம்’ என்பதில் சமணர்களின் சித்த வணக்கம் ஒளிந்திருப்பதாக ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. பெருமாளும் சமணச் சித்தரும் ஒரே வரியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ‘அ’ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இலங்கையில் அரிவரி வகுப்பு என்ற பெயர் பள்ளியின் தொடக்க வகுப்புக்கு வெகுகாலம் வழங்கியது.

நீங்களே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்

இதையெல்லாம் படித்தால் போதாது, ஒரு நோட்டில் ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்குங்கள். மேலே சொல், கட்ட எண்ணிக்கை. கீழே பொருள்களைக் குடும்பவாரியாக எழுதுங்கள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் இடையில் கோடு போடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அது எங்கே கிடைத்தது என்று ஒரு வார்த்தை: பேச்சு, க்ரியா, பிங்கலம், சிலம்பு. உறவு மொழிச் சொல் கிடைத்தால் அதையும். சந்தேகமாக இருப்பதற்கு ஒரு கேள்விக்குறி. அரி, மா, கோ, கா, ஆ, வாரணம், திங்கள் என்று தொடங்கினால் கொஞ்ச நாளில் புதிர்க்காரரின் புத்தி எந்தப் பக்கம் ஓடும் என்று பிடிபட்டுவிடும். ‘மா’வுக்கு ஒரு பக்கம் போதாது என்று இப்போதே சொல்லிவைக்கிறேன். மாம்பழம், குதிரை, விலங்கு, திருமகள், பெரிய, இருபதில் ஒரு பங்கு, அரைத்த மாவு என்று போய்க்கொண்டே இருக்கும்.

குறிப்புப் படிக்கும்போது ஒன்றை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். நல்ல குறிப்பில் ஒரு பகுதி பொருளைச் சொல்லும், மற்றப் பகுதி எழுத்தைக் கட்டும். பொருள் சொல்லும் பகுதி பெரும்பாலும் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும். “திருமால் கத்தியோடு வயலில் இறங்குவது (4)” என்பதில் திருமால் அரி, கத்தி வாள், வயலில் இறங்குவதுதான் பொருள். வாக்கியமாகப் படித்தால் பெருமாள் சண்டைக்குப் போவது போலிருக்கும், போகட்டும்.

கை பழக இன்னும் ஐந்து. விடைகள் எல்லாம் மேலே சொன்ன குடும்பங்களுக்குள்தான்.

1. முதலெழுத்தை அடுத்துத் திரும்பிச் சிரி, உலையில் போடலாம் (3)
2. அபூர்வமான, நறுக்க (3)
3. மங்கைக்கு மூத்தவள், தெரிவைக்கு இளையவள் (3)
4. கண்ணன் பெயரின் முடிவில் பகைவன் நீள்கிறான் (3)
5. சிங்கத்தோடு இருக்கை, அரசனுக்கு மட்டும் (4)

முதலாவதில் ‘அ’ முன்னால் நிற்கிறது, ‘சிரி’யைத் திருப்பினால் ‘ரிசி’, ஆக அரிசி. இரண்டாவது அரிய. மூன்றாவதில் மடந்தையும் பொருளால் பொருந்துவாள், ஆனால் அவளுக்கு நாலு கட்டம் வேண்டும், அதனால் அரிவை. நான்காவது முராரி. ஐந்தாவது அரியணை.